ஆவுளியாவுக்குக் கயிறு பிடித்தவள்

தெரேஸ்புரம் கடலில் ஓர் ஆவுளியா வந்து தங்கியிருக்கிறது என்று போன வைகாசியில் தூத்துக்குடி முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. ஆவுளியா என்பது கடல்பசு. அடியில் புல் மேய்ந்துகொண்டு கிடக்கும். மூச்சு வாங்க மட்டும் மேலே வந்து தலைகாட்டிவிட்டுப் போகும். சாதுவான பிராணி. அது வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை, மன்னார் வளைகுடா அதற்குச் சொந்த ஊர்தான். இந்த ஆவுளியாவுக்கு வால் சிவப்பு. அதுதான் பேச்சு.

பேச்சு நடக்க நடக்க வளர்ந்தது. மீன் ஏலக்கூடத்தில் வால் மட்டும் சிவப்பாக இருந்தது. மட்டக்கடைக்கு வந்து சேர்வதற்குள் முதுகு வரை சிவந்துவிட்டது. பேருந்து நிலையத்தை எட்டியபோது அது சிவப்புச் சேலை கட்டியிருந்தது. திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறிய பிறகு மூக்குத்தியும் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

இந்த மாதிரிச் செய்தியை முள் பார்க்காமல் விழுங்கக் கூடாது. மூக்குத்தியைக் கழற்றி, சேலையை அவிழ்த்து, வந்த வழியே திருப்பி விசாரித்துக்கொண்டு போனால், ஆட்டோக்காரர் ஐஸ் கம்பெனியைக் கைகாட்டினார். ஐஸ் கம்பெனிக்காரர் கடற்கரை டீக்கடையைக் கைகாட்டினார். டீக்கடை எபனேசர் அண்ணாச்சி, "பவுலண்ணன் சொன்னாவ. அவுக சொன்னா கடலே சொன்ன மாதிரி" என்று முடித்துவிட்டார். அதற்குள் அவர் தன் பெஞ்சுகளையெல்லாம் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்.

பவுல் சங்குகுளிக்காரர். வாலிபத்தில் இறங்கிய கடல். தலை நரைத்தும் இன்னும் ஏறவில்லை. தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே அடியில் மணலா, பாறையா, புல்லா என்று சொல்லிவிடுவார். ஒரு நிழல் போனால் அது திருக்கையா சுறாவா என்று அவரிடம்தான் கேட்பார்கள். அவர் சொன்னது மிகச் சிறிய செய்தி. விடிகிற நேரம், வள்ளத்தில் போகும்போது, அலையைத் தடுக்கக் கல் கொட்டிய உடைந்த தூண்டில் வளைவுக்கு வடக்கே, பனிமூட்டத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு மேலே வந்து புஸ்ஸென்று மூச்சு விட்டுவிட்டு அமுங்கியது. வால் பக்கம் சிவப்பாக ஏதோ தெரிந்தது. "புரொப்பல்லர் வெட்டு, பாவம், ரத்தம் போவுது" என்றார் பவுல். அவ்வளவுதான். சேலையும் நகையும் ஊர் போட்டது.

அவர் பொய் சொல்கிறவரில்லை. பார்த்ததைத்தான் சொன்னார். அவர் பார்த்தது அவருடைய மகளை.

மகள் பெயர் விஜிலா. பிளஸ் டூ முடித்து மதிப்பெண்ணுக்குக் காத்திருந்த பெண். அவளுடைய கதை கடலுக்கடியில் தொடங்குகிறது. ஆனால் அவள் அங்கே போனதே கிடையாது. சின்ன வயதிலிருந்து இரவுச் சோற்றின்போது பவுல் தம் தெருவைப் பற்றிச் சொல்வதுபோலக் கடலடியைப் பற்றிச் சொல்வார். இங்கே திரும்பினால் புல்வெளி. அதைத் தாண்டினால் மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் வெளிச்சம் பச்சையாக விழும் இடம், அங்கேதான் சங்கு மெதுவாக நடந்து போகும், நடந்த தடம் மணலில் தெரியும். விஜிலாவுக்குச் சோறு ஆறிப்போகும். அவள் கனவில் அந்தத் தெருவில் பள்ளிச் சீருடையோடு நடந்துபோவாள். பை தோளில் மிதக்கும். ரிப்பன் தலைக்கு மேலே நேராக நிற்கும். மீன்கள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது போல அவளைக் கடந்து போகும். கனவில் அவளுக்கு மூச்சு முட்டியதே இல்லை.

விழித்திருக்கும்போது அவளுக்கு முழங்காலுக்கு மேல் கடல் தெரியாது. தெரேஸ்புரத்தில் பெரும்பாலான பெண்களுக்கு அப்படித்தான். அலை வீட்டு வாசலைத் தட்டும், புயலில் அடுப்படி வரை வரும், ஆனாலும் நீச்சல் தெரியாது. யாரும் கூடாதென்று சொல்லவில்லை. கூடாதென்று எழுதி ஒட்டியிருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம். பையன் நடக்கப் பழகியதும் தகப்பன் அவனைத் தூக்கித் தண்ணீரில் போடுவான். பெண் பிள்ளையைப் போடத் தோன்றாது. தோன்றாத ஒன்றை எதிர்த்து யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது. மண்டபம் பக்கம் ஒரு கடல் ஆய்வு நிலையத்தில் ஓராண்டுப் பயிற்சி. நீருக்குள் இறங்கிப் பவளப்பாறையையும் கடற்புல்லையும் பார்த்து வருகிற வேலை. சாப்பாடு, தங்க இடம், அதன் பிறகு மேற்படிப்புக்கு வழி. கடலோரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை, பெண்களுக்கு அதிலும் முன்னுரிமை. ஒரே நிபந்தனை, இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும். அறிவிப்பை எழுதியவர் நல்ல மனசுக்காரராகத்தான் இருக்க வேண்டும். கடலோரத்துப் பெண்ணுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும் என்று நினைத்திருப்பார். உட்கார்ந்து யோசித்தால், மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளம் வைத்த வீட்டுப் பெண்தான் அந்தக் கடலோர முன்னுரிமைக்கு முழுத் தகுதி உள்ளவள்.

விஜிலாவுக்கு வேறு வழியும் தயாராக இருந்தது. சரக்குக் கப்பல் ஏஜென்சி ஒன்றில் கணக்கு எழுதும் வேலைக்குப் பவுல் சொல்லி வைத்திருந்தார். மின்விசிறிக்குக் கீழே நாற்காலி. அதற்கடுத்து மாப்பிள்ளை. இரண்டும் நல்லதுதான். ஆனால் அந்த நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பச்சை வெளிச்சம் விழும் மேட்டைத் தன் வாழ்நாளில் பார்க்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் போய்ச் சொன்னது மைனியிடம்.

மைனி ஜெர்லின், அண்ணன் ரெக்சனின் மனைவி. மணப்பாட்டுப் பெண். கல்யாணமாகிச் சில வாரங்களில் ரெக்சன் கப்பலேறிவிட்டான். இப்போது எந்த நாட்டுத் துறைமுகத்தில் இருக்கிறான் என்பதை அவள் ஃபோனில் ஒரு சின்னப் புள்ளியாகப் பார்த்துக்கொள்வாள். பி.காம். படிப்பைக் கல்யாணத்துக்காகக் கடைசி வருடத்தில் விட்டவள். அதைப் பற்றி யாரும் கேட்டால் "அது அங்கன கெடக்கு" என்பாள், குடையை எங்கோ மறந்து வைத்துவிட்டு வந்ததுபோல.

விஜிலா சொல்லி முடிக்கும் வரை ஜெர்லின் சாளை மீனைச் செதில் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"கயிறு யாரு பிடிப்பா?"

அந்தக் கரையில் அதுதான் முதல் கேள்வி. முத்துக் குளித்த காலத்திலிருந்து வருகிற வழக்கம். இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பவன் மச்சானாக இருக்க வேண்டும். கைவிட்டால் தன் அக்கா தாலி போகும் என்ற நினைப்பு அவனுக்கு இருக்கும், ஆகவே விடமாட்டான். தகப்பனோ கூடப்பிறந்தவனோ பிடிக்கக் கூடாது. ரத்த பாசம் பயந்துபோய், வேலை முடிவதற்கு முன்பே இழுத்துவிடும். முத்து போய்விட்டது, காலில் கட்டிய கல் போய்க் கம்ப்ரசரும் காற்றுக் குழாயும் வந்துவிட்டன. மச்சான் மட்டும் போகவில்லை. பவுலுக்கு இன்றைக்கும் வள்ளத்தில் உட்கார்ந்து கயிறு பிடிப்பவர் அவர் மனைவி அல்போன்சாவின் தம்பிதான்.

பெண் இறங்கினால் யார் பிடிப்பது என்று வழக்கம் சொல்லவில்லை. ஜெர்லினே சொன்னாள்.

"நாந்தான் பிடிக்கணும். நீ முங்கிட்டேன்னா இந்த வீட்டுல மீன் கழுவ நான் ஒருத்திதான் மிச்சம். சத்தியமா விடமாட்டேன்."

பிறகு செதில் ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டி ஒரு நிபந்தனை போட்டாள். உனக்கு எத்தனை விடியக்காலம் பிடிக்கிறேனோ அத்தனை விடியக்காலம் நீ எனக்குப் பிடிக்க வேண்டும். நானும் இறங்குவேன். விஜிலா சரியென்றாள். அந்த நேரத்தில் மைனி நிலாவைக் கேட்டிருந்தாலும் சரியென்றிருப்பாள்.

அல்போன்சா முதல் பூசைக்குப் போகும் நேரமும் பவுலின் வள்ளம் கிளம்பும் நேரமும் ஒன்று. அந்த இடைவெளியில் இருவரும் உடைந்த தூண்டில் வளைவுக்கு வடக்கே போனார்கள். கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கற்கள் சரிந்து, அந்தப் பக்கம் அலை இல்லாத ஒரு மூலை உண்டாகியிருந்தது. ரெக்சன் விட்டுப்போன, கப்பல் வேலைக்குப் போடும் சாம்பல் நிறப் பாய்லர் சூட்டைக் கையும் காலும் வெட்டி விஜிலா போட்டுக்கொண்டாள். கயிறு இடுப்பை அறுக்காமலிருக்க அடியில் ஜெர்லினின் சிவப்புத் துப்பட்டாவைச் சுற்றினார்கள். அதன் முனை பின்னால் மிதக்கும்.

ஆசிரியர் ஃபோனுக்குள் இருந்தார். ஏதோ ஒரு நாட்டு நீச்சல் குளத்தில் ஒரு வெள்ளைக்காரர் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்து ஜெர்லின் கரையில் நின்று கத்திச் சொல்வாள். நீந்தத் தெரியாதவள் சொல்லிக்கொடுக்க, நீந்தத் தெரியாதவள் கற்றுக்கொண்டாள். நம் ஊரில் பல பாடங்கள் இந்த முறையில்தான் நடக்கின்றன. இங்கே ஒரு வித்தியாசம், மாணவி தோற்றால் ஆசிரியை கையில் கயிறு இருந்தது.

முதலில் உப்புத் தண்ணீர்தான் பாடம். மூக்கில், தொண்டையில், காதில். பிறகு ஒருநாள் அவள் மல்லாந்து படுத்தபோது கடல் அவளைக் கீழே போடவில்லை. காதுக்குள் கடல் வேறு குரலில் பேசியது. எங்கோ தொலைவில் ஒரு கப்பலின் இரும்புச் சத்தம் பக்கத்து அறையில் யாரோ பாத்திரம் வைப்பதுபோலக் கேட்டது. மேலே அனல்மின் நிலையத்துப் புகை ரோஜா நிறத்தில் அசையாமல் நின்றது. தான் எங்கே முடிகிறோம், தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. கயிறு லேசாக ஒருமுறை அசைந்தது. ஒரு சுண்டு என்றால், இருக்கிறாயா? அவளும் ஒரு சுண்டு சுண்டினாள், இருக்கிறேன். இரண்டு சுண்டினால்தான் இழுக்க வேண்டும். அன்றைக்கு அவள் இரண்டு சுண்டவில்லை. சூரியன் வந்து முகத்தில் விழுந்த பிறகுதான் கரையேறினாள்.

அதற்குப் பிறகு கரைக்கு இணையாக நீந்தப் பழகினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெர்லின் முழங்கால் தண்ணீரில் கூடவே நடப்பாள். பவுல் பார்த்தது இதைத்தான். மருமகளையும் அவர் பார்த்திருக்க வேண்டும். ஆனால் கரையில் ஒரு பெண் நிற்பது செய்தியா? ஏதாவது அலச வந்திருப்பாள். தண்ணீருக்குள் ஒரு பெண் இருப்பதோ அவர் கண்ணுக்குத் தெரிய வழியே இல்லை. சாம்பல் முதுகு, புஸ்ஸென்ற மூச்சு, சிவப்பு. அவருடைய இத்தனை வருட அனுபவமும் ஒன்றுகூடி ஆலோசித்து, ஆவுளியா என்று தீர்ப்பு சொல்லிவிட்டது. கடலை அறியாத ஒரு வெளியூர்க்காரர் பார்த்திருந்தால் ஒரே பார்வையில் "யாரோ பொண்ணு நீந்துது" என்றிருப்பார்.

ஊர் திரண்டு வந்தது. விடியும் முன்பே பைக்குகள், ஃபோன்கள், பிள்ளைகள், சுண்டல். ஏதோ ஒரு துறையிலிருந்து இருவர் வந்து தொலைநோக்கியில் பார்த்து, தண்ணீர் தெரிகிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். கல்லூரிப் பையன் ஒருவன் ஆவுளியாவின் வருத்தத்தைப் பற்றி வீடியோ போட்டான். விஜிலா வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். நீச்சல் தேர்வுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அதுவரை அவள் பாதித் தூரத்துக்கு மேல் நிற்காமல் போனதில்லை. கட்டிலில் குப்புறப் படுத்துக் கையைக் காலை அடித்துப் பார்த்தாள். கட்டில் நகரவில்லை.

ஜெர்லின் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எபனேசர் கடைக்கு டீ வாங்கப் போனாள். வாங்கும்போது, யாரிடமும் குறிப்பாகச் சொல்லாத தொனியில், ஆவுளியா ரோச் பூங்கா பக்கம் போய்விட்டதாம், குட்டியும் இருக்கிறதாம் என்றாள். குட்டியைச் சேர்த்தது அவளுடைய சொந்தக் கற்பனை. மறுநாள் விடியலில் கூட்டம் முழுக்கத் தெற்கே ரோச் பூங்காவில் நின்றது.

ஒருவர் மட்டும் போகவில்லை. பவுல். கடலுக்கும் போகவில்லை. தம் வாக்கைப் பொய்யென்று ஊர் சொல்லிவிடக் கூடாதே என்று உடைந்த தூண்டில் வளைவின் கல்லில் தனியாக உட்கார்ந்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டிய பாய்லர் சூட்டோடு வந்த விஜிலா அவரைப் பார்த்து நின்றாள். திரும்பிப் போகலாம். போனால் இன்றைக்கு இல்லை. இன்றைக்கு இல்லையென்றால் பிறகு மின்விசிறி, நாற்காலி. ஜெர்லின் துப்பட்டாவைச் சுற்றினாள், கயிற்றைக் கட்டினாள், முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தாள். விஜிலா தகப்பனுக்கு முன்னால் நடந்துபோய்த் தண்ணீரில் இறங்கினாள்.

பவுல் எழுந்து நின்றார். மகள் தலை ஒருமுறை அமுங்கி எழுந்தது. மறுமுறை அமுங்கியது. பாதித் தூரத்தைத் தாண்டி அவள் போய்க்கொண்டிருந்தபோது, அவர் ஓடிவந்து மருமகள் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி இழுக்க ஆரம்பித்தார். வலுவான கைகள். விஜிலா பின்னோக்கி, உப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, முழங்கால் தேய, கரைக்கு வந்து சேர்ந்தாள்.

"மாமா, கயித்த விடுங்க" என்றாள் ஜெர்லின்.

"அவ முங்குதா."

"முங்கல, மூச்சு விடுதா. நீங்கதான் மூச்சு விடல." அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு சுண்டு சுண்டுனாத்தான இழுக்கணும்? நான் உங்களுக்குச் சொல்லணுமா? உங்க கயித்த உங்க அப்பாவா பிடிச்சாவ?"

பவுல் கயிற்றைப் பார்த்தார். வழக்கம் தெரிந்தவர். இத்தனை வருடம் அந்த வழக்கத்தால்தான் உயிரோடு இருக்கிறார். மணலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த மகளின் இடுப்பில் துப்பட்டா நனைந்து ஒட்டியிருந்தது.

"புரொப்பல்லர் வெட்டுன்னு நெனச்சேன்" என்றார்.

கயிற்றை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் போய்க் கல்லில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். விஜிலா மறுபடி இறங்கினாள். அவள் தலை அமுங்கும்போதெல்லாம் கல்லின் மேல் அவர் சற்று உயர்ந்தார், எழும்போது தாழ்ந்தார். கைகள் மட்டும் வெளியே வரவில்லை. அன்றைக்கு அவள் முழுத் தூரமும் போனாள்.

அன்று மாலை எபனேசர் கடையில், ஆவுளியா எங்கே என்று கேட்டவர்களுக்குப் பவுல் பதில் சொன்னார்: "போயிட்டு. மண்டபம் பக்கம்." மனசறிந்து செய்யாத ஒரு தவறைக் காப்பாற்ற அவர் சொன்ன முதல் பொய். அதுவும் முழுப் பொய்யில்லை. அல்போன்சாவுக்கு விஷயம் தெரிந்தபோது அவள் கோபமெல்லாம் மகனின் பாய்லர் சூட்டை வெட்டியதைப் பற்றியே இருந்தது.

தேர்வு மதுரையில், ஒரு நீச்சல் குளத்தில். அலையில்லாத, உப்பில்லாத, அடியில் நீலக் கட்டம் தெரிகிற தண்ணீரை விஜிலா அங்கேதான் முதலில் பார்த்தாள். அது அவளைத் தாங்கவில்லை. கடல் கைகொடுத்த இடத்தில் குளம் கைவிட்டது. நடுவழியில் அவள் கை தானாக இடுப்புக்குப் போனது, சுண்டிப் பார்க்க. கயிறு இல்லை. ஒரு கணம் நின்றுவிடுவோம் என்று தோன்றியது. அப்போது அடியிலிருந்த கட்டங்கள் அசைந்து ஒரு தெருவாகத் தெரிந்தன, அப்பா சொன்ன திருப்பங்களோடு. அதைப் பார்த்துக்கொண்டே போனாள். மற்ற பெண்கள் எல்லோரும் துண்டால் தலை துவட்டி முடித்த பிறகு கடைசியாக வந்து சுவரைத் தொட்டாள். நிற்கவில்லை, அவ்வளவுதான் நிபந்தனை. கடலோர முன்னுரிமை கேட்க அங்கே அவள் ஒருத்திதான் இருந்தாள்.

இப்போது விஜிலா மண்டபம் பக்கம் கடலுக்கடியில் புல் பார்க்கிறாள். பச்சை வெளிச்சம் அப்பா சொன்னதைவிடக் கொஞ்சம் மங்கலாம். வீட்டில் மீன் கழுவ ஜெர்லின் ஒருத்திதான், அவள் பயந்தபடியே.

மைனிக்குக் கயிறு பிடிக்க வேண்டிய விடியக்காலக் கடன் நிற்கிறது. விஜிலா ஊருக்கு வரமுடிவது ஞாயிற்றுக்கிழமை மட்டும். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. வள்ளங்களெல்லாம் கரையில், ஆண்களெல்லாம் வள்ளங்களின் நிழலில், சீட்டும் பேச்சுமாக. அத்தனை கண்ணுக்கு முன்னால் ஜெர்லின் எப்படி இறங்குவாள்? இதைக் கவனித்த பவுல் ஒரு சனிக்கிழமை டீக்கடையில், ஆவுளியா திரும்பி வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் யாரும் போய் அதைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று மெனக்கெட்டுச் சொல்லி வைத்தார். மறுநாள் ஊரே அங்கே நின்றது. எபனேசர் கூடுதலாக ஓர் அடுப்பு போட்டிருந்தார்.

ஜெர்லின் இப்போதெல்லாம் நாத்தனாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏளா கடன்காரி" என்றுதான். போன வாரம் விஜிலா நீருக்கடியில் எடுத்த படம் ஒன்றை அனுப்பியிருந்தாள். புல்வெளி, அதற்கு நடுவே நிஜமான ஓர் ஆவுளியா, சாம்பல் நிறத்தில், வாலில் சிவப்பு எதுவும் இல்லாமல், மேய்ந்துகொண்டிருந்தது. ஜெர்லின் அதை வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு பதில் போட்டாள்:

"நல்லாருக்கு. கயிறு இங்கன ஆணியில தொங்குது."